மாட்டுக்குச் சினை, நெல்லுக்குச் சூல், கடனுக்கு என்ன? கையேட்டுக்குச் சொல் கேட்கிறேன்

பொருநைக்கரை:
அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கறவை மாடு, நெல், கடன் மூன்றுமே அதில் வருகின்றன. மூலத்தில் 'ஜெஸ்டேஷன்' என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறார்கள். மெய்ப்புப் பார்த்தவர் எல்லா இடத்திலும் 'கர்ப்ப காலம்' என்று போட்டுவிட்டார். 'மாட்டின் கர்ப்ப காலம் 280 நாள்' என்பதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கலாம். 'கறவை மாட்டுக் கடனின் கர்ப்ப காலம்' என்று அச்சானால் ஊரே சிரிக்கும். நெல் கதிர் உள்ளே திரளும் பருவத்துக்கும் இதே சொல்தானா? கையேட்டில் பெண்களுக்கான சத்துணவுப் பக்கம் ஒன்றும் உண்டு. எங்கே எதைப் போடலாம்?

சொல்லேர்:
தமிழில் ஒரே சொல்லால் இதை முடிக்க முடியாது. முடிக்கவும் வேண்டாம்.

கரு என்பது உள்ளே உருவாகிற பொருள். முட்டையின் மஞ்சள் கருவும் கதையின் கருவும் அந்த வகைதான். சூல் என்பது அதைத் தாங்கி நிறைந்திருக்கும் நிலை. பெண், மேகம், பயிர், சங்கு எல்லாம் சூல் கொள்ளும். குறுந்தொகை 287ஆம் பாட்டில் நீர் சுமந்து வானில் ஏற மாட்டாமல் மலையை நோக்கி வரும் மேகத்துக்கு உவமை, பச்சைப் புளிக்கு ஏங்கும் 'கடுஞ்சூல் மகளிர்'. புளி ஆசை அன்றைக்கும் இருந்திருக்கிறது! சினை என்றால் முதலில் உறுப்பு, கிளை. இலக்கணத்தில் சினைப்பெயர் என்று படித்தது இந்தச் சினைதான். விலங்கின் வயிற்றுப் பிள்ளைக்கும் மீன் முட்டைக்கும் அதே சொல் வழங்குகிறது.

செடியின் பூவுக்குச் சூலகம், சூல் என்று பாடப்புத்தகமே வைத்திருக்கிறது, அங்கே குழப்பமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சூலை என்பது வயிற்றைக் குடையும் நோய். 'சூலைக் காக்க' என்று எழுதினால் எந்தச் சூலை என்று வாசிப்பவர் திணறுவார். 'சூல் பயிரைக் காக்க' என்று எழுதிவிடுங்கள்.

கடனுக்குக் கருவும் வேண்டாம், சூலும் வேண்டாம். 'வருமானம் தொடங்கும் வரையான காலம்' என்று நேராகச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகை இருந்தால் அது தனிச் சங்கதி, 'தவணை விடுப்பு' என்று தனியாக எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், பால் கறக்கத் தொடங்காதவரை தவணையே இல்லை என்று மாட்டுக்காரர் நினைத்துக்கொள்வார்.

தொழுவம்:
மாட்டுப் பகுதிக்கு 'சினைக்காலம்' என்றே போடுங்க அண்ணாச்சி. பேச்சில் 'செனையா இருக்கு' என்பார்கள். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), சினைப் பரிசோதனை எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை.

280 என்பது ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணுவது. ஊர்க்கணக்கு 9 மாதம் 10 நாள். ஜூன் 1இல் ஊசி போட்டால் மார்ச் 11, அது 283ஆவது நாள். 280 வேண்டுமென்றால் 9 மாதத்தோடு 7 நாள் கூட்டணும். நாலைந்து நாள் முன்னே பின்னே போவது சகஜம். எருமைக்கு 310 நாள், வெள்ளாட்டுக்கு 150, பன்றிக்கு 114 (மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள்).

கையேட்டில் கட்டாயம் வர வேண்டியவை:

காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஊசி போட்ட 21ஆம் நாள் மறுபடி பருவம் வந்து மாடு கத்தாததை வைத்தே 'சினை பிடித்துவிட்டது' என்று முடிவு கட்டக் கூடாது. சத்துக் குறைவால் பருவமே வராமலும் இருக்கலாம். 60 முதல் 90 நாளுக்குள் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொன்னால்தான் உறுதி. எதிர்த்திசையிலும் தவறு நடக்கும்: சில மாடு சினையாக இருக்கும்போதே கத்தும். பார்க்காமல் மறுபடி ஊசி போட்டால் கரு கலையும்.

ஈனுவதற்கு 60 நாள் முன்னால் பாலை வற்றவிடணும். கடைசிச் சொட்டுவரை கறப்பவர்தான் அடுத்த ஈத்தில் 'பால் குறைஞ்சிட்டு' என்று வருவார். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் தானாக விழணும். விழாவிட்டால் அதில் செங்கலைக் கட்டித் தொங்கவிடுவதும், கையால் இழுப்பதும் கூடாது. கருப்பை கிழிந்து ரத்தம் போகும். உடனே மருத்துவரைக் கூப்பிடணும். இந்த ஒரு பத்தியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டாலும் தகும்.

பிசானம்_கார்:
நெல்லுக்குச் 'சூல் பருவம்'. 'தொண்டைக்கதிர்' என்றும் சொல்லலாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இதில் இரண்டு கட்டம் உண்டு, பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முதலாவது, குருத்து கதிராக மாறத் தொடங்குவது. வெளியே ஒன்றும் தெரியாது. தடித்த தூர் ஒன்றை எடுத்து நெடுக்காகப் பிளந்தால், அடிக்கணுவுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி கதிர் இருக்கும். ஏ.எஸ்.டி. 16 மாதிரி 110 நாள் ரகத்தில் இது விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 45 முதல் 50ஆம் நாளுக்குள் வரும். மேலுரத் தவணை ஒன்று இந்தக் கட்டத்துக்குத்தான். இரண்டாவது கட்டம் கண்ணாடி இலையின் (கதிருக்கு முன் வரும் கடைசி இலையின்) உறை புடைத்து நிற்பது. அதுதான் சூல்.

சூல் கட்டியபின் வயல் காயவே கூடாது. இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கணும். காய்ந்தால் கதிர் முழுசாக வெளிவராமல் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும், வெளிவந்த கதிரும் பதராகும். பாபநாசம் அணைத் தண்ணீரை நம்பி நடும் கார் பருவத்தில் கடைமடைக்கு முறை வைக்கும்போது இடிக்கும் இடம் இதுதான். பயிர் வெளுப்பாகத் தெரிகிறதே என்று இந்த நேரத்தில் யூரியாவைக் கூடுதலாக வீசினால் கழுத்துக் குலைநோய்க்கு வழிவிட்டதாகும். கதிர் முழுக்க வெள்ளையாக நின்றால் மெல்ல இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் அது குருத்துப்பூச்சி, தண்ணீர்க் குறையில்லை. பூத்ததிலிருந்து அறுப்புக்குச் சுமார் 30 நாள்.

பேறுகாலம்:
பெண்கள் பக்கத்துக்குக் 'கர்ப்ப காலம்' இருக்கட்டும். பேச்சில் 'முழுகாம இருக்கா', 'மாசமா இருக்கா' எல்லாம் வரும், தலைப்புக்குச் சரிவராது. முழுகாமல் என்பது மாதத் தலைமுழுக்கு நின்றதைக் குறிக்கும். நாள் கணக்கும் மாதவிலக்கை வைத்துத்தான் தொடங்குகிறது.

தொழுவம் சொன்ன 280ஐ இங்கேயும் அப்படியே போட்டுவிடாதீர்கள். எண் ஒன்றுதான், தொடக்க நாள் வேறு. மாட்டுக்கு ஊசி போட்ட நாள். பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கின் முதல் நாள், அதாவது கரு உண்டாவதற்குச் சுமார் 14 நாள் முன்பே எண்ணத் தொடங்கிவிடுகிறோம். கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால் 266தான். 280ஐ 28 நாள் மாதமாக வகுத்தால் 10 வரும். 'பத்து மாசம் சுமந்தவ' என்பது வெறும் பேச்சில்லை.

'வளர்ச்சி' என்று வரும் இடத்தில் இன்னொன்று. கரு உண்டானதிலிருந்து 8 வாரம் வரை 'கரு', அதற்கப்புறம் 'சிசு' என்று பிரித்து எழுதுங்கள். உறுப்புகள் உருவாவது பெரும்பாலும் அந்த முதற்கட்டத்தில்தான். மாத்திரை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டியதும் அப்போதுதான்.

தொழுவம்:
ஒன்று கேட்கிறேன். சினை என்பது விலங்குக்கு என்றால், ஆஸ்பத்திரியில் 'சினைப்பை நீர்க்கட்டி' என்று எழுதுகிறார்களே?

சொல்லேர்:
நியாயமான கேள்வி. சினைப்பை, சினைமுட்டை இரண்டிலும் சினை 'முட்டை' என்ற பொருளில் வந்து நிலைத்துவிட்டது, அதில் இழிவு இல்லை. ஆனால் ஒரு பெண்ணைச் 'சினையாக இருக்கிறாள்' என்றால் வசைதான். உறுப்பின் பெயராக ஏற்ற காது, வினையாக ஏற்காது. உங்கள் கையேட்டில் பெண்ணுக்குக் 'கருமுட்டை' என்று போட்டால் இந்தப் பேச்சே வராது.

பொருநைக்கரை:
நன்றி. சினைக்காலம், சூல் பருவம், கர்ப்ப காலம், வருமானம் தொடங்கும் வரையான காலம் என்று நாலாகப் பிரித்துவிட்டேன். 280 வரும் இரண்டு இடத்திலும் எந்த நாளிலிருந்து என்று சேர்த்தாயிற்று. மார்ச் 11 என்பது லீப் ஆண்டிலும் சரிதானே?

தொழுவம்:
பிப்ரவரி 29 நடுவில் வந்தால் அதே மார்ச் 11, 284ஆவது நாளாகும். மாடு காலண்டர் பார்ப்பதில்லை அண்ணாச்சி, 275ஆம் நாளிலிருந்தே ராத்திரி ஒரு தடவை எழுந்து பார்க்கச் சொல்லி எழுதுங்க.