கிணத்து மோட்டாரும் சூன்யமும்

மேலூர்க்காரன்:
மேட்டுல வச்ச மோனோபிளாக் மோட்டார் 35 அடிக்குக் கீழ கிடக்கிற தண்ணியை எடுக்காதுங்கிறாங்க. குழாய்ல வர்ற வெற்றிடம்தானே இழுக்குது? ஒண்ணுமில்லாதது எப்படிங்க இழுக்கும்?

வைகைக்கரை:
இழுக்காது. வெளிக்காத்து தள்ளுது. அது தாங்குறது சுமார் 10.3 மீட்டர் (34 அடி) தண்ணிதான். நடைமுறையில 7 மீட்டர் தாண்டினாலே சிக்கல். குழாய்க்குள்ள அழுத்தம் இறங்கி தண்ணியே ஆவிக்குமிழாகும், பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் சக்கரத்தை அரிச்சிடும். குழாயோட அடியில தண்ணி திரும்பாம தடுக்கிற ஃபுட்வால்வு கசிஞ்சா கேக்கவே வேணாம். 1640-கள்ல இத்தாலி விஞ்ஞானி டாரிசெல்லி பாதரசத்துல காட்டினதும் இதுதான்: ஒரு முனை மூடின குழாயில பாதரசத்தை நிரப்பிக் கவுத்தா 76 செ.மீ. நின்னுச்சு, மேல காலி. அந்தக் காலியிலும் கொஞ்சம் பாதரச ஆவி உண்டு.

திண்ணை:
வெற்றிடம் வேற, இன்மை வேற. வைசேஷிகம்ங்கிற பழைய இந்தியத் தத்துவத்துல ஆகாசம் ஒரு திரவியம், அதாவது ஒரு பொருள்; அதோட குணம் ஒலி. இல்லாமைக்கு 'அபாவம்'னு தனிப் பதார்த்தம் (வகை), அதுல நாலு விதம்: வனையறதுக்கு முந்தி குடம் இல்லாதது, உடைஞ்ச பிறகு இல்லாதது, என்னைக்குமே இல்லாதது, குடம் துணியா இல்லாதது. (பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரோட சூன்யத்தை இதோட குழப்பிக்காதீங்க. அது எதுக்கும் தன்னியல்பு கிடையாதுங்கிறது.)

மேலூர்க்காரன்:
அப்ப வத்தின கிணறு?

திண்ணை:
தண்ணி அழியலையே, இடம் மாறியிருக்கு. அதனால உடைஞ்ச குடத்தோட சேராது. இந்த மாதிரி தற்காலிக இன்மைக்குன்னே சிலர் 'சாமயிகாபாவம்'னு தனியா ஒண்ணு வச்சாங்க.