திபெத்தில் பிக்கு கைதானால் ஐநாவில் எங்கே முறையிடுவது?

கேள்வி: 33 ஆண்டு சிறையிலும் முகாம்களிலும் கழித்த திபெத்தியப் பிக்கு பல்டன் கியாட்சோ 1995-இல் ஜெனீவாவில் ஐநா மனித உரிமை ஆணையத்தில் பேசினார். இன்று ஒரு பிக்கு பிடிபட்டால் என்ன வழி? முதலில் சீன நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா?

பதில் 1: தேவையில்லைங்க. தன்னிச்சைத் தடுப்புக்காவலுக்கான ஐநா செயற்குழுவுக்கு நேராக எழுதலாம். சித்திரவதை எதிர்ப்புக் குழுவுக்குத் தனிநபர் மனு அனுப்பாதீர்கள். தனிநபர் மனுவுக்கு வழிவிடும், சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தின் 22-ஆவது பிரிவைச் சீனா ஏற்கவில்லை, எடுக்க மாட்டார்கள்.

பதில் 2: மனு சறுக்குவது பெயரில்தான். ஒரே மடாலயத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். வயது, பிறந்த ஊர், மடாலயம், சீன எழுத்தில் பெயர் எல்லாம் வேண்டும். பிடித்த தேதி, இடம், பிடித்தது யார், வாரண்ட் காட்டினார்களா என்பதும் முக்கியம். அரசு பதில் தர 60 நாள். தயவுசெய்து உறவினரிடம் வீசாட் என்ற சீனச் செயலியில் விசாரிக்காதீர்கள். வெளியே தகவல் சொன்னதற்கே பலர் சிறைப்பட்டிருக்கிறார்கள்.

கேட்டவர்: நன்றி. சித்திரவதைக் கருவி போன்ற பொருள்களை ஆதாரமாகக் காட்டினால் உதவுமா?

பதில் 1: நிச்சயமாக. லாசாவின் ட்ராப்ச்சி சிறையில் 1990-இல் பல்டன் கியாட்சோவின் வாயில் மின்தடியைத் திணித்தார்கள், பற்கள் போயின. விடுதலையானதும் லஞ்சம் கொடுத்து அதே வகைத் தடிகளை வாங்கி, தரம்சாலாவுக்குக் கொண்டுவந்து உலகுக்குக் காட்டினார். காயங்களுக்கு மருத்துவச் சான்றும் சேருங்கள்.