குறுந்தகட்டின் 74 நிமிடங்களுக்குப் பீத்தோவன்தான் காரணமா?

வினாவிரும்பி எழுதியது:

எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவையொட்டி நடக்கும் வினாடி வினாவுக்கு இந்த ஆண்டு 1970களும் 80களும் என்று பொருள் வைத்து, கேள்வி தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு கேள்வி, "குறுந்தகட்டில் 74 நிமிட இசை அடங்க வேண்டும் என்று முடிவானதற்குக் காரணமாக இருந்த இசைப்படைப்பு எது?" என்பது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி என்று சொன்ன அணிக்கு மதிப்பெண் கொடுத்தேன். எதிரணியில் இருந்த ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர் ஒருவர், அது நிறுவனங்கள் பரப்பிய கதை என்றும், கதைக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது என்றும் எழுந்து நின்றுவிட்டார். சர்க்கரைப் பொங்கல் ஆறும்வரை வாக்குவாதம் ஓயவில்லை. பல ஆண்டுகளாகப் பல இடங்களில் படித்த தகவல் என்பதால் எனக்கு அதில் ஐயமே வந்ததில்லை. உண்மை என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அவரிடம் போய்ப் பேச வசதியாக இருக்கும்.

தட்டுச்சேகரிப்பாளர் எழுதியது:

கதை அடியோடு பொய் என்று தள்ளிவிட முடியாது. அதைச் சொல்லிவந்தவர்களில் பிலிப்ஸ் நிறுவனமே ஒன்று. குறுந்தகட்டை பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கின. 1979 மார்ச் 8 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் காட்டிய முன்மாதிரித் தட்டின் விட்டம் 11.5 சென்டிமீட்டர், அதில் 60 நிமிடம் பாடும். சோனி தரப்பில் பேசிய நோரியோ ஓகா வெறும் நிர்வாகி அல்லர். ஜெர்மனியில் முறையாகக் குரலிசை பயின்ற பாடகர். ஒன்பதாம் சிம்பொனி முழுவதும் ஒரே தட்டில் தடையின்றி ஒலிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். இசைக்குழு நடத்துநர் கராயன் நடத்திய ஒலிப்பதிவு 66 நிமிடம். ஆனால் 1951இல் ஜெர்மனியின் பைரூத் இசை விழாவில் இன்னொரு நடத்துநரான ஃபுர்ட்வெங்லர் நடத்தியது 74 நிமிடம். மிக நீண்டதாகத் தெரிந்தது அதுதான் என்பதால் அதையே அளவாகக் கொண்டார்கள், தட்டும் 12 சென்டிமீட்டராக வளர்ந்தது என்று கதை முடியும். பிடிவாதம் பிடித்தவர் ஓகா அல்லர், கராயன் என்பார் சிலர். சோனித் தலைவர் அகியோ மொரிட்டாவின் மனைவி என்றுகூடச் சொல்வதுண்டு. ஒரே நிகழ்ச்சிக்கு இத்தனை நாயகர்கள் இருப்பதைப் பார்த்தாலே கொஞ்சம் நிதானிக்கத்தான் தோன்றுகிறது.

மின்னணுப்பணியாளர் எழுதியது:

உங்கள் வானொலிப் பொறியாளர் பக்கமே நான் நிற்கிறேன். அன்று பிலிப்ஸ் பொறியாளர் குழுவில் இருந்த கீஸ் இம்மிங்க் இதைப் பற்றிப் பின்னாளில் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் இசையைவிட வணிகமே முன்னால் நிற்கிறது. பிலிப்ஸின் துணை நிறுவனமான பாலிகிராம், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 11.5 சென்டிமீட்டர் தட்டுகளை விரைவில் பெருமளவில் அச்சிடும் நிலையில் இருந்தது. சோனியிடம் அப்படியோர் ஆலை இல்லை. விட்டத்தை அரை சென்டிமீட்டர் கூட்டினால் பிலிப்ஸின் முன்னிலை மறைந்து, இரு தரப்பும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கலாம். பேச்சுவார்த்தை மேசையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பீத்தோவன் பெயரைச் சொல்வது எல்லோருக்குமே கௌரவமாக இருந்திருக்கும்.

எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றும் சான்று வேறொன்று. விட்டம் முடிவான அதே 1980இல், எட்டு பிட்டுகளைப் பதினான்கு பிட்டுகளாக மாற்றி எழுதும் புதிய குறிமுறையும் ஏற்கப்பட்டது. அதனால் அதே பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகப் பதிய முடிந்தது. அதை முழுமையாகப் பயன்படுத்தியிருந்தால் 12 சென்டிமீட்டர் தட்டில் 97 நிமிடம் அடங்கியிருக்கும். அல்லது 74 நிமிடத்தை 10 சென்டிமீட்டர் தட்டிலேயே அடைத்திருக்கலாம் என்கிறார் இம்மிங்க். சிம்பொனிக்காக மட்டுமே தட்டைப் பெரிதாக்கினார்கள் என்றால், சிறிய தட்டிலேயே அது அடங்கும் என்று தெரிந்தவுடன் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? திரும்பவில்லை. பதிவின் அடர்த்தியைக் குறைத்து, 12 சென்டிமீட்டரையும் 74 நிமிடத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொடக்க காலத்தில் குறுந்தகட்டுக்கான மூலப் பதிவு யூ-மேட்டிக் என்னும் வீடியோ நாடாவில்தான் ஆலைக்குப் போனது. அந்த நாடா அதிகபட்சம் 72 நிமிடம் ஓடும். எந்த ஒலிப்பதிவுக்காகத் தட்டை வளர்த்ததாகச் சொல்கிறார்களோ, அந்த 74 நிமிடப் பதிவை அந்த நாடாவில் முழுதாக ஏற்றவே முடியாது.

வினாவிரும்பி எழுதியது:

72 நிமிட நாடாவைப் பற்றிப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு சிறு ஐயம். ரிச்சி தெருவில் ஐம்பது ஐம்பதாக வாங்கி வந்த வெற்றுத் தட்டுகளில் மிச்சம் நாலைந்து இன்னும் பீரோவில் கிடக்கின்றன. அவற்றின் மேல் 700 எம்பி, 80 நிமிடம் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் 74 என்ற எல்லை எங்கே போயிற்று? மேலும், இசை வீடியோ நாடாவில் ஏன் பயணம் செய்ய வேண்டும்?

மின்னணுப்பணியாளர் எழுதியது:

80 நிமிடத் தட்டு பின்னால் வந்தது. தட்டில் பாட்டு ஒரே சுருள் தடமாக உள்வட்டத்தில் தொடங்கி வெளிநோக்கிப் போகிறது. பழைய இசைத்தட்டுக்கு நேர் எதிர். பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் அனுமதிக்கப்பட்ட தளர்வைக் கடைசிவரை இழுத்துச் சுற்றுகளை நெருக்கினால் 80 நிமிடம் கிடைக்கும். கணினித் தரவாக எழுதும்போது வினாடிக்கு 75 பகுதிகள், பகுதிக்கு 2,048 பைட்டுகள். பெருக்கிப் பார்த்தால் 74 நிமிடத்துக்கு 650 மெகாபைட்டும் 80 நிமிடத்துக்கு 703 மெகாபைட்டும் வரும். உங்கள் பீரோத் தட்டின் கணக்கு அதுதான்.

வீடியோ நாடா விவகாரம் இதைவிடச் சுவையானது. 1970களின் இறுதியில் எண்முறை ஒலியின் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பதியக்கூடிய, கைக்கெட்டும் கருவி வீடியோ பதிவுக் கருவி மட்டுமே. எனவே ஒலியைத் தொலைக்காட்சிப் படம்போல, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றிப் பதிந்தார்கள். ஒரு கோட்டுக்கு 3 மாதிரிகள் (ஒலியை அளந்து எடுத்த எண்கள்), ஒரு புலத்துக்கு, அதாவது திரையில் ஒருமுறை வரையப்படும் அரைப் படத்துக்கு, பயன்படும் கோடுகள் 245, வினாடிக்கு 60 புலங்கள்: பெருக்கினால் 44,100. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் 3 மாதிரி, 294 கோடுகள், 50 புலங்கள். அதற்கும் விடை 44,100தான். இரண்டு முறைக்கும் பொருந்திய இந்த எண் குறுந்தகட்டில் நிலைத்து, இன்று கைப்பேசியில் நாம் கேட்கும் பாட்டுக்கோப்புகளிலும் தொடர்கிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கோடுகளை எண்ணிப் பிறந்த எண் இது என்று பாட்டு கேட்கும் யாருக்குத் தோன்றும்?

தட்டுச்சேகரிப்பாளர் எழுதியது:

விவாதத்தைப் படித்தபின் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு என் அலமாரியைத் திறந்தேன். முதலில் குறுந்தகட்டின் நடுத்துளையை அளந்தேன். சரியாக 15 மில்லிமீட்டர். நெதர்லாந்தின் பழைய பத்து சென்ட் நாணயத்தின் விட்டமும் அதுவே. துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது பிலிப்ஸ்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து அந்த நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தார் என்பது அவர்கள் சொல்லும் இன்னொரு கதை. இதையாவது விட்டுவையுங்கள் என்று மின்னணுப்பணியாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

11.5 சென்டிமீட்டர் என்பது கேசட்டின் மூலைவிட்டத்திலிருந்து எடுத்த அளவு என்றும் சொல்வார்கள். ஒரு கேசட்டை எடுத்து அளந்து பார்த்தேன். நீளம் 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அகலம் 6.4, பிதாகரஸ் கணக்குப்படி மூலைவிட்டம் ஏறத்தாழ 11.9 வருகிறது. முனைகளின் வளைவைக் கழித்தாலும் 11.5க்கு இறங்குவது கடினம். விந்தை என்னவென்றால், அது சண்டைக்குப் பின் வந்த 12 சென்டிமீட்டருக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது.

வினாவிரும்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை பொறியாளரின் வீட்டுக்குப் போய், அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டு, இந்த விவாதத்தையும் காட்டினேன். 10 சென்டிமீட்டர் வாதத்தை அவர் கேள்விப்பட்டதில்லையாம், இருமுறை படித்தார். கொடுத்த மதிப்பெண்ணைத் திரும்பப் பெறுவதில்லை என்றும், அடுத்த ஆண்டு கேள்வியை "குறுந்தகட்டின் ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகளாக அமைந்ததற்கு எந்தக் கருவி காரணம்?" என்று மாற்றி வைப்பது என்றும் இருவரும் பேசி முடித்தோம். அதுவரை எதிரணியில் யாரும் இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.