கிரவுனிங்: முடிசூட்டல் வேண்டாம், முகடு ராவுதல் போதும்

நண்பர்களுக்கு வணக்கம். கிடார் பழுதுபார்க்கிற வேலைகளுக்கு நம் குழுவில் தமிழ்ச்சொல் பட்டியல் போடுகிறோமே, அதில் ஃப்ரெட்டின் தலையை உருட்டி எடுக்கும் கிரவுனிங் வேலைக்கான அரத்துக்கு இப்படி ஒரு பேர் வந்திருந்தது:

> கிரவுனிங் ஃபைல் = முடிசூட்டு அரம்?

வேண்டாங்க. இந்தக் கிரவுன் ராஜா தலையில் இருப்பதல்ல. தார்ச்சாலை போடும்போது நடுவைச் சற்று மேடாக விட்டு இரண்டு பக்கமும் சரிவு கொடுப்பார்களே, அந்த மேட்டுக்கும் இங்கிலீஷில் இதே பேர்தான். கிடாரிலும் அதே சங்கதி.

இந்த வேலையைப் பார்க்காதவர்களும் குழுவில் இருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கிடார் கழுத்தின் விரல்பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். வாசிக்க வாசிக்கக் கம்பி உரசி அவற்றின் தலை பள்ளமாகிவிடும், அதிலும் முதல் மூன்று நாலு ஃப்ரெட்டுகள் ரொம்ப மோசமாக இருக்கும், ஏனென்றால் புதிதாகப் பழகுகிறவர்கள் பிடிக்கிற கார்டுகள் எல்லாம் அங்கேதான். ஃப்ரெட் செய்கிற நிக்கல் சில்வர் என்று பேரில் மட்டும்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். எஃகுக் கம்பியின் உரசலை அது எத்தனை வருஷம் தாங்கும்?

அதனால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற உலோகக் கம்பியைத் திருகிக் கழுத்தை நேராக்கி, ஒவ்வொரு ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கர் மை பூசி, நேரான நீளக் கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கிறோம். கடைசி ஃப்ரெட் வரை மை போய்விட்டால் எல்லாம் ஒரே உயரம். ஆனால் தேய்ந்த தலைகள் இப்போது தட்டையாக, அகலமாக நிற்கும். அப்படியே விட்டால் கம்பி ஃப்ரெட்டின் நடுவிலிருந்து அதிராமல் குதிரைப் (பிரிட்ஜ்) பக்கத்து விளிம்பிலிருந்து அதிரும், அதிர்கிற நீளம் குறைவதால் சுருதி ஒரு இழை ஏறும், கூடவே இரைச்சலும் வரலாம். ஆகவே மறுபடியும் மை பூசி, உட்குழிந்த அரத்தால் இரண்டு தோளையும் ராவி, நடுவில் மயிரிழை அளவுக்கு மைக்கோடு மிஞ்சும்போது நிறுத்துகிறோம். அந்தக் கோட்டை அழித்துவிட்டால் அவ்வளவு நேரம் பிடித்த மட்டம் போச்சு.

இந்தக் கடைசி வேலைக்குத்தான் பேர் வேண்டும். நான் சொல்வது முகடு ராவுதல், கருவிக்கு முகட்டரம். ஓட்டு வீட்டு முகடு கூராக இருக்குமே, ஃப்ரெட்டின் தலை உருண்டையாக அல்லவா இருக்க வேண்டும் என்று யாராவது கேட்பீர்கள். சரிதான், ஆனால் பள்ளிக்கூட இயற்பியலில் அலைக்கு முகடு, அகடு என்று படித்திருக்கிறோம், அலைமுகடு உருண்டைதானே. அகராதிப்படி அராவுதல் என்று எழுத வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, பட்டறையில் ராவுவது என்றுதான் சொல்கிறார்கள், நான் அதையே எழுதுவேன்.

குழுவில் வந்த குழியரம் என்ற யோசனையும் நல்லதுதான், கருவியின் வடிவத்தை அப்படியே சொல்கிறது. ஆனால் இந்த வேலைக்கு உட்குழிந்த அரம் கட்டாயம் இல்லையே. கடலூரில் எந்த இரும்புக் கடையிலும் ரம்பம் தீட்டுகிற முப்பட்டை அரம் கிடைக்கும். அதன் மூலைகளைச் சாணைக்கல்லில் பிடித்துப் பல் போகத் தேய்த்துவிட்டால் விரல்பலகையை அறுக்காது, பலகை மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு அதிலேயே இரண்டு தோளையும் ராவி எடுக்கலாம். பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்கள் வெளிநாட்டு அரத்துக்குப் பணம் கொடுக்கும் முன் இதில் கை பழகுவதே மேல் என்பேன். முப்பட்டை அரத்தைப் போய்க் குழியரம் என்று எப்படிச் சொல்வது? செய்கிற வேலையை வைத்துப் பேர் வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

அடுத்து, ஃப்ரெட்டுக்கே என்ன சொல் என்ற பழைய பஞ்சாயத்து. சிலர் சொல்கிற கட்டை என்ற பேர் வேண்டவே வேண்டாம். பாடகர்கள் ஐந்து கட்டை, ஆறு கட்டை என்று சுருதியைச் சொல்வது ஆர்மோனியத்திலிருந்து வந்து ஊன்றிப்போன வழக்கு, ஐந்தாவது கட்டையில் பிடி என்றால் பாவம், பிள்ளைகள் குழம்புவார்கள். வீணைக்காரர்கள் சொல்கிற மெட்டு இருக்கவே இருக்கிறது. பாட்டின் மெட்டும் அதுதானே என்று தயங்க வேண்டாம், வீணை வாசிக்கிறவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் பிழைக்கிறார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரமே நம்ம பண்ருட்டிப் பக்கத்திலிருந்து போகிறது, அங்கிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லையா!

ஆனால் அதே வீணையிலிருந்து மேளம் கட்டுதலையும் கொண்டுவந்து, கிடாரில் ஃப்ரெட் மாற்றுகிற வேலைக்கு வைக்கலாம் என்று புதுச்சேரி நண்பர் எழுதியதை மட்டும் ஏற்க முடியவில்லை. வீணையின் 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன, மேளம் கட்டுகிறவர் காதால் சுருதி கேட்டு ஒவ்வொன்றையும் தள்ளி, அழுத்தி நிறுத்துகிறார். உயரம் தப்பினால் மெழுகை இளக்கிச் சரிசெய்துகொள்ளலாம். கிடாரில் காதுக்கு அந்த வேலையே இல்லை. கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம், மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 648 மில்லிமீட்டர் கம்பிக்கு முதல் மெட்டு சுமார் 36.4 மில்லிமீட்டரில், 12ஆவது சரிபாதியில், 324இல். ரம்பத்தால் காடி அறுத்து மெட்டை அடித்து இறக்கியாயிற்று என்றால் நகர்த்த முடியாது, உயரத்தைக் குறைக்க ராவத்தான் வேண்டும். வீணையில் தேடினாலும் கிரவுனிங்குக்கு ஒரு சொல் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன், அதனால்தான் ஆசாரிகளிடமும் பட்டறைக்காரர்களிடமும் போனேன். மெட்டு மாற்றுவதற்கு மெட்டு மாற்றுதலே போதும்.

எல்லா மெட்டையும் ஒரே உயரமாகத் தேய்க்கிற லெவலிங்குக்கு மட்டம் தட்டுதல் என்று போட்டிருந்தவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், கிடாரை யாரோ திட்டுவது போல இருக்கிறது. கொத்தனார் சொல்கிற மட்டம் பிடித்தல் இருக்கட்டும். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மட்டம் பிடிக்காதீர்கள், ஈரக் காற்றில் மரம் ஊதி நிற்கும், தை மாதம் பார்த்தால் கழுத்து வேறு வளைவில் இருக்கும்.

ட்ரஸ் ராடை இப்போதைக்கு ட்ரஸ் ராடாகவே விடுகிறேன், முறுக்குக்கம்பி என்றால் வீடு கட்டுகிற கம்பியைத்தான் நினைப்பார்கள்.

பட்டியலில் இப்படிப் போடலாமா, பாருங்கள்:

முகடு ராவுதல்: மட்டம் பிடித்ததால் தட்டையான மெட்டின் இரு தோள்களையும் அரத்தால் ராவி, கம்பி நடுக்கோட்டில் மட்டும் படும்படி தலையை உருட்டி எடுத்தல்.

அரத்தில் பல் எடுத்துவிட்ட விளிம்புக்கு உங்கள் ஊர்ப் பட்டறைகளில் என்ன சொல்கிறார்கள்? நான் மொட்டை விளிம்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக யாராவது காதில் கேட்டிருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.

மஞ்சக்குப்பம், கடலூர்