பாய்மரப் படகில் ஒரு வாரம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு மாலை

ஆம்பூர் தங்கை, மாலை 6:10
அண்ணா, நீங்கள் சென்று வந்ததைப் போலவே அடுத்த மே விடுமுறையில் நாங்களும் குரோஷியாவில் பாய்மரப் படகில் ஒரு வாரம் தங்கலாம் என்று நினைக்கிறோம். உங்கள் ஆற்காடு பெரியப்பாவான என் அப்பாவும் உடன் வருகிறார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் இரண்டு முறை வாந்தி எடுக்கும் மகளையும், முழங்கால் வலியுள்ள 71 வயது அப்பாவையும் வைத்துக்கொண்டு கடலில் இருக்க முடியுமா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நான், மாலை 6:24
முடியும் அம்மா. குழந்தைக்கான மாத்திரையையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டு, படகு புறப்படுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் பெரும்பாலும் பயன் இருக்காது. முன்பக்க அறையில்தான் ஆட்டம் அதிகம். ஆகவே படகு ஓடும்போது அவளை உள்ளே படுக்க வைக்காமல், மேல்தளத்தில் சுக்கானுக்கு அருகே உட்கார வைத்து, கைப்பேசியைக் கையில் தராமல், தொடுவானத்தையோ தூரத்துத் தீவையோ பார்க்கச் சொல்லுங்கள். என் இளையவன் முதல் நாள் பிராச் தீவுக்குச் செல்லும்போது வாந்தி எடுத்தான். இரண்டாம் நாள் அவனாகவே சுக்கானைப் பிடிக்கக் கேட்டான். அதன் பிறகு அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆற்காடு பெரியப்பா, மாலை 6:31
தம்பி, படகை ஓட்டியது யார்? நீ எப்போது கற்றுக்கொண்டாய்?

நான், மாலை 6:40
நான் ஓட்டவில்லை பெரியப்பா. அங்கே வாடகைப் படகை நாமே ஓட்ட வேண்டுமானால், படகோட்டும் உரிமத்தோடு வானொலிக் கருவியை இயக்கும் சான்றும் வேண்டும். அதனால் ஓர் உள்ளூர்ப் படகோட்டியை அமர்த்திக்கொண்டோம். அவருக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும், சாப்பாடும் நம்முடையதுதான். சனிக்கிழமை பிற்பகல் ஸ்பிளிட் துறைமுகத்தில் படகை ஒப்படைப்பார்கள். வெள்ளி மாலைக்குள் திரும்பிவிட்டு, மறுநாள் காலையில் இறங்க வேண்டும். டீசலும் துறைமுகக் கட்டணமும் வாடகையில் சேராது என்பதை மாப்பிள்ளை கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

குடியாத்தம் அத்தை, மாலை 6:48
பாய்மரப் படகுக்கு எதற்கு டீசல்?

நான், மாலை 6:59
துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று இல்லாத நேரத்தில் நகரவும் இயந்திரம் உண்டு அத்தை. அந்தக் கடலில் நல்ல வானிலை உள்ள நாட்களில் முற்பகலில் வடமேற்கிலிருந்து ஒரு காற்று எழும்பி, பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது அடங்கிவிடும். அதை மாயிஸ்த்ரல் என்கிறார்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயை விரித்தபோது படகு ஒருபுறமாகச் சாய்ந்தது. பிறகு தண்ணீர் உரசும் ஓசையைத் தவிர வேறு ஓசையே இல்லை. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எங்கள் வேகம் மணிக்கு 6 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மிதிவண்டி இதைவிட வேகமாகப் போகும். ஆனாலும் பிள்ளைகள் ஒருமுறைகூட 'எப்போது போய்ச் சேருவோம்' என்று கேட்கவில்லை. காற்று வரும் திசைக்கு நேராகப் பாய்மரப் படகு போகாது என்பதால், ஏறத்தாழ 45 பாகை விலகி, ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாக ஓட வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பெரியவள் ஒரு கயிற்றை அவிழ்த்துவிட, இளையவன் மறுபக்கக் கயிற்றை இழுத்தான். பாய் மாறும் நேரத்தில் அதன் அடியில் உள்ள நீண்ட கட்டை வேகமாக வீசி வரும். அப்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது. அது தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

அம்மா, மாலை 7:08
தண்ணீர்ச் செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டானே. ஆறு பேருக்கு ஒரு தொட்டியில் 500 லிட்டர்தான். மறுபடி நிரப்புவதற்கு நல்ல துறைமுகம் கிடைக்க வேண்டும். நான் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பியவள். காவிரிக் குடிநீர் குழாயில் வராத நாட்களில் இன்றும் வீட்டில் குடத்தை எண்ணித்தான் புழங்குகிறோம். ஆகவே படகில் தண்ணீர்ப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பாத்திரங்களை முதலில் கடல் நீரில் கழுவி, கடைசியில் ஒரு கை நல்ல தண்ணீரில் அலசினோம். பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு வந்தால் ஆளுக்கு இரண்டு செம்பு மட்டுமே கொடுத்தேன். நான்காம் நாள் தொட்டியில் பாதி மிச்சம் இருந்ததைப் பார்த்த படகோட்டி, இப்படி ஒரு குடும்பத்தைத் தான் கண்டதில்லை என்றார்.

ஆம்பூர் தங்கை, மாலை 7:13
சித்தி, சமையல் எப்படி நடந்தது? கழிவறை எப்படி?

அம்மா, மாலை 7:21
படகு சாய்ந்தாலும் அடுப்பு தானாக ஊசலாடி மட்டமாக நிற்கும் கண்ணு. புளிக்காய்ச்சல் கொண்டுபோனதால் இரண்டு வேளை கவலை இல்லாமல் கழிந்தது. ஹ்வார் தீவுச் சந்தையில் கத்திரிக்காய் வாங்கினேன். நம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு அது ஈடாகவில்லை. கழிவறையில் காகிதம் எதையும் போடக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். அதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடு.

நான், மாலை 7:34
மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் விஸ் தீவுக்குச் செல்லத் திட்டமிட்டிருந்தோம். குரோஷியா முன்பு அடங்கியிருந்த யூகோஸ்லாவியா நாட்டின் இராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை அயல்நாட்டவரை அனுமதிக்காத தீவு அது. நான் மிகவும் பார்க்க விரும்பிய இடமும் அதுதான். தென்கிழக்கிலிருந்து யூகோ என்னும் காற்று வரப்போகிறது, அலை உயரும் என்று சொல்லி, படகோட்டி துறைமுகத்தை விட்டு நகர மறுத்துவிட்டார். காலையில் கடல் அமைதியாகத் தெரிந்ததால் நான் அவரிடம் வாதாடினேன், அது தவறு. பிற்பகலில் துறைமுகத்துக்குள்ளேயே படகுகள் ஆடியதைப் பார்த்த பிறகு அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். ஆகவே, தங்கையே, ஏழு நாட்களில் ஏழு ஊர்கள் என்று திட்டம் போடாதீர்கள். எந்தத் தீவுக்கு எந்த நாள் என்பதைப் படகோட்டியும் காற்றும் முடிவு செய்யட்டும். இரண்டு நாட்களையாவது வெறுமையாக விட்டு வையுங்கள்.

ஆற்காடு பெரியப்பா, மாலை 7:42
2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, அந்த வெள்ளத்தைப் பார்க்கப் பாலத்துக்குப் போய் நின்றவன் நான். தண்ணீரைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. என் முழங்காலைப் பற்றி மட்டும் சொல் தம்பி.

நான், மாலை 7:55
இரண்டு இடங்களில் கவனம் வேண்டும் பெரியப்பா. துறைமுகத்தில் பெரும்பாலும் படகின் பின்பக்கத்தைக் கரைக்குத் திருப்பி நிறுத்துவார்கள். ஓர் ஒடுக்கமான பலகையின் மீது நடந்துதான் இறங்க வேண்டும். அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் நான் கை கொடுத்தேன். இரண்டாவது, மேல்தளத்திலிருந்து அறைகளுக்கு இறங்கும் செங்குத்தான ஏணி. வீட்டு மாடிப்படியில் இறங்குவதைப் போல முன்னோக்கி இறங்காமல், ஏணியைப் பார்த்தபடி, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க வேண்டும். அதில் ஐந்தாறு படிகள் இருக்கும். அது உங்களால் முடிந்தால் மற்ற எதுவும் தடையில்லை. கடவுச்சீட்டையும் பார்த்துவிடுங்கள், 2023 முதல் குரோஷியா, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் என்னும் ஐரோப்பிய நாடுகளின் குழுவில் சேர்ந்துவிட்டதால் அந்த விசாவே வேண்டும். அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும்.

ஆற்காடு பெரியப்பா, இரவு 8:03
கடவுச்சீட்டுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. பரணில் ஏறுவதற்கு வைத்திருந்த மர ஏணியைக் கொல்லையிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையிலிருந்து, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள, பின்பக்கமாக இறங்கிப் பழகுகிறேன்.