வெளிநாட்டில் வாடகை வீடு: கிளம்பும் முன்பே பிடித்துவிடலாமா?

புதுக்குடித்தனம்:
அடுத்த மாதம் வேலைக்கு வெளிநாடு போகிறேன். அந்த ஊரில் தெரிந்தவர் யாருமில்லை. இணையத்தில் ஒரு வீடு பார்த்தேன். ஓனர் வெளியூராம், அட்வான்ஸ் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். போடலாமா? பழைய வீட்டு ஓனரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் கேட்பார்களாமே, புதிதாகப் போகிறவன் எதைக் காட்டுவது?

சாவிக்கொத்து:
போடாதீர்கள். கூரியரில் சாவி என்பது அரதப்பழசான மோசடி. படங்களைக் கூகுள் படத்தேடலில் போட்டுப் பாருங்கள், வேறு ஊர் விளம்பரத்திலிருந்து சுட்டதாக இருக்கலாம். வீட்டுக்குள் கால் வைக்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. கொடுக்கும்போதும் வங்கி வழியாக, ஒப்பந்தத்தில் இருக்கும் பெயருக்கு மட்டும்.

ஆரம்பத்தில் 4 முதல் 6 வாரத்துக்குத் தற்காலிக இடம் பிடியுங்கள். முகவரிப் பதிவு (குடியிருக்கும் முகவரியை அரசு அலுவலகத்தில் பதிவது) கட்டாயமான நாடு என்றால், அங்கே பதிய ஓனர் சம்மதிப்பாரா என்று முன்பே கேளுங்கள். பதிவு இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இழுக்கும். கணக்கு இல்லாவிட்டால் வீடு இழுக்கும்.

மூன்றாம்மாடி:
கடிதத்துக்குப் பதிலாகச் சம்பளம் குறித்த வேலை நியமனக் கடிதம், 3 மாத வங்கி அறிக்கை, விசா நகல். எல்லாம் ஒரே பிடிஎஃபில். பாஸ்போர்ட் நகலின் குறுக்கே 'வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிவிடுங்கள். வாடகைக்குக் கம்பெனி ஜாமீன் கையெழுத்துப் போடுமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள், கேட்காமல் தர மாட்டார்கள்.

அட்வான்ஸுக்குப் பல நாடுகளில் உச்சவரம்பு உண்டு. ஜெர்மனியில் ஹீட்டிங் முதலிய செலவு சேராத 3 மாத வாடகை, அதையும் 3 தவணையில் கட்டலாம். இங்கிலாந்தில் பெரும்பாலும் 5 வார வாடகை.

ஈரச்சுவர்:
வீடு பார்க்கும்போது சமையலறைக் குழாயையும் ஷவரையும் சேர்த்துத் திறங்கள், வெந்நீரின் வேகம் தெரிந்துவிடும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் சந்தேகப்படுங்கள். வாடகையில் ஹீட்டிங் சேர்த்தியா? குளிர்நாட்டில் இதைக் கேட்காமல் விட்டால் பட்ஜெட்டே கவிழும்.

சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங், சுவர்க் கீறல், கறை எல்லாவற்றையும் படமெடுத்து ஓனருக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் செய்ய வந்தால் அந்தத் தேதிதான் சாட்சி.

புதுக்குடித்தனம்:
தரகர் மட்டும் வந்து காட்டினால்?

சாவிக்கொத்து:
காட்டட்டும். அவருடைய உரிம எண்ணை அரசுப் பட்டியலில் சரிபாருங்கள். அப்படிப் பட்டியல் இல்லாத ஊரில், ஓனரின் அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். வீட்டைக் காட்டுவதற்கே கட்டணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.