கதவு பூட்டினேனா என்ற எண்ணமும் தீராத சலிப்பும்

கானாடுகாத்தான்_பேரன்:
தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பேரில் ஊரில் பெரிய வீட்டில் அப்பத்தாவோடு இருக்கிறேன். பங்காளிகள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர். முகப்பிலிருந்து பின்கட்டு வரை எத்தனை கதவு என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், ராத்திரி பூட்டிவிட்டுப் படுத்தால் இரண்டாம் கட்டுக் கதவைப் பூட்டினோமா என்று தோன்றும், போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தால் அடுத்த கதவு. இதுகூடப் பரவாயில்லை. அப்பத்தா கிணற்றடியில் நிற்கும்போது தள்ளிவிட்டுவிடுவேனோ என்று வருகிறது. அவர் மேல் எனக்கு உயிர். பகல் முழுக்க ஒரே சலிப்பு, ரீல்ஸும் சலிக்கிறது. நான் கெட்டவனா?

தேவகோட்டை_அண்ணன்:
தம்பி, சும்மா இருந்தால் இப்படித்தான். ஒரு வேலையில் சேர், பிள்ளையார்பட்டி போய்க் கும்பிட்டு வா, சரியாகிவிடும்.

பள்ளத்தூர்_அக்கா:
அண்ணே, கும்பிடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இது ஓசிடி மாதிரி தெரிகிறது, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே மறுபடி செய்யவைக்கிற மனநலப் பிரச்சினை. அது இருக்கிற எத்தனையோ பேர் நாள் முழுக்க வேலை பார்க்கிறார்கள். சலிப்பு அதற்கு இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

தம்பி, எது உனக்கு ஆகவே ஆகாதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த எண்ணம் வரும், உன் ஆசை அல்ல அது. விரட்டினால் இன்னும் வரும். 1987-இல் டேனியல் வெக்னர் குழுவினர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்த சோதனையில் கலந்துகொண்டவர்களால் முழுசாக நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஈஆர்பி என்ற சிகிச்சையில், பயத்தை வரவிட்டு, எழுந்து போய்ப் பார்க்காமல் இருக்கப் பழக்குவார்கள், ஆரம்பத்தில் கஷ்டம்தான். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம், நடுவில் நிறுத்தாதே. முன்பு பிடித்தது எல்லாமே இப்போது சலிக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல், மனச்சோர்வாக இருக்கலாம்.

கானாடுகாத்தான்_பேரன்:
நன்றி அக்கா. பூட்டியதும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் எழுந்து போக வேண்டாமே?

பள்ளத்தூர்_அக்கா:
அப்புறம் போட்டோவைத் திறந்து திறந்து பார்ப்பாய், அந்தப் போட்டோ நேற்று எடுத்ததோ என்று வேறு சந்தேகம் வரும். "நான் கெட்டவனா" என்று எங்களிடம் கேட்டாயே, அதுவும் கதவை இழுத்துப் பார்க்கிற இதே கதைதான், மறுபடி கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். முதலில் 14416-க்கு அடி, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அப்புறம் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவைப் பார்.

கானாடுகாத்தான்_பேரன்:
வளவில் நின்று பேசினால் அப்பத்தா காதில் விழும்.

தேவகோட்டை_அண்ணன்:
மாடிக்குப் போடா. சிவகங்கைக்கு வேண்டுமானால் நான் கூட வருகிறேன்.